கால் வரை இறங்கும் நரம்பு வலிக்கு முதுகில் ஆபரேஷன்: வேலூர், ராணிப்பேட்டை பக்கத்து ஆட்களுக்கு முழுமையான வழிகாட்டி

"முதுகுல கத்தி வெச்சா அப்புறம் எழுந்து நடக்கவே முடியாதுப்பா." குடியாத்தத்தில் ஆரம்பித்து வாலாஜா வரைக்கும் யாரைக் கேட்டாலும் இந்த ஒரு வாக்கியம் ரெடியாக இருக்கும். இத்தனைக்கும் இந்தியாவிலேயே முதல் நரம்பு அறுவைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது நம்ம வேலூர் சி.எம்.சி.யில்தான். வடக்கே எங்கெங்கிருந்தோ காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி வந்து காட்டிவிட்டுப் போகிறார்கள், நாம் பக்கத்திலேயே இருந்துகொண்டு பயந்து, காலைத் தூக்க முடியாத நிலை வந்த பிறகு போய் நிற்கிறோம். இன்னொரு பக்கம், ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' என்று ஒரு வரி இருந்ததைப் பார்த்து அவசரப்பட்டு ஆபரேஷன் செய்துகொண்டு, வலி போகவில்லையே என்று புலம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.

நான் டாக்டர் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு இந்த ஆபரேஷன் நடந்தபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவன், அதனால் சொந்தக்காரர்கள் யாருக்கு இடுப்பு பிடித்தாலும் போன் எனக்கு வருகிறது. போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. மொத்த விஷயமும் மூன்று கேள்விகளில் நிற்கிறது: எந்த நரம்பு அழுந்துகிறது, எந்த இடத்தில், எதனால்? இந்த மூன்றுக்கும் ஒரே மாதிரி பதிலை உங்கள் உடம்பும், டாக்டரின் பரிசோதனையும், ஸ்கேனும் சொன்னால் ஆபரேஷன் பெரும்பாலும் நல்ல பலன் தரும். மூன்றில் ஒன்று ஒத்துப்போகவில்லை என்றாலும் நிதானமாக இருங்கள்.

படி 1: உள்ளே என்ன நடக்கிறது

முதுகெலும்பு ஒரே கம்பு கிடையாது, கட்டை கட்டையாக அடுக்கிய முள்ளெலும்புகள். இரண்டு கட்டைக்கு நடுவில் இருக்கும் மெத்தைதான் டிஸ்க், நம்மூரில் ஜவ்வு என்பார்கள். கட்டைகளுக்குப் பின்னால் ஒரு குழாய் போல வழி இருக்கிறது, அதற்குள்தான் மூளையிலிருந்து தண்டுவடம் இறங்குகிறது. தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு கட்டைகளுக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடும், அதற்குக் கீழே இருப்பது நரம்புக் கொத்து. இது ஏன் முக்கியம் என்றால், இடுப்பின் கீழ்ப்பகுதியில் நடக்கும் ஆபரேஷனில் தண்டுவடமே அங்கே கிடையாது. "தண்டுவடத்துல கை வெச்சு முடமாக்கிடுவாங்க" என்ற பயத்தில் பாதி இங்கேயே கரைந்துவிட வேண்டும்.

அழுத்துவது எது என்பது வயதைப் பொறுத்து மாறும். முப்பது, நாற்பதுகளில் பெரும்பாலும் ஜவ்வு கிழிந்து உள்ளிருக்கும் சதை பிதுங்கி நரம்பில் முட்டும். இது அதிகம் வருவது கடைசி இரண்டு இடங்களில், ரிப்போர்ட்டில் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று இருக்கும் (எல் என்றால் இடுப்புக் கட்டை, எஸ் என்றால் அதற்குக் கீழே உள்ள எலும்பு). அறுபதைத் தாண்டியவர்களுக்கு மூட்டு பெருத்து, உள்ளே இருக்கும் மஞ்சள் தசைநார் தடித்து, குழாயே குறுகிவிடும். இவர்களுக்கு ஒரு விசித்திரம் உண்டு. காந்தி ரோட்டில் நாலு கடை தூரம் நடந்தால் கால் மரத்து, இழுத்து, உட்கார வேண்டியிருக்கும், ஆனால் சைக்கிளை மிதித்துக்கொண்டு பாகாயம் வரை போய்விடுவார்கள். முன்னால் குனியும்போது குழாய் கொஞ்சம் அகலமாகிறது, அவ்வளவுதான். பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் காலின் ரத்தக் குழாய் அடைத்தாலும் இதே மாதிரி நடந்தால் வலிக்கும். ரத்தக் குழாய் அடைத்தவர்களுக்குச் சும்மா நின்றாலே வலி அடங்கும், முதுகுக் குழாய் குறுகியவர்களுக்குக் குனியவோ உட்காரவோ வேண்டும். டாக்டர் பாதத்தில் நாடி பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். பார்க்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

மூன்றாவதாக, நம் நாட்டில் மறக்கவே கூடாத ஒன்று காசநோய். நுரையீரலில் மட்டும்தான் டி.பி. வரும் என்று நினைக்கிறோம், முதுகெலும்பிலும் வரும், சீழ் கட்டி நரம்பை அழுத்தும். ராத்திரி காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் விடாத முதுகுவலி மூன்றும் சேர்ந்தால் சொல்லாமல் விடாதீர்கள். அதற்கு முதல் வைத்தியம் மாதக்கணக்கில் மாத்திரை, சிலருக்கு மட்டும் ஆபரேஷன்.

படி 2: காத்திருக்கவே கூடாதவை

இதைப் படித்துவிட்டு மற்றதை நாளைக்குப் படித்தாலும் பரவாயில்லை.

சிறுநீர் வர மறுப்பது, அல்லது தெரியாமலே போய்விடுவது, மலம் அடக்க முடியாமல் போவது, சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படும் இடம், அதாவது தொடைகளுக்கு நடுவிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, இரண்டு காலிலும் ஒரே சமயம் பலம் குறைவது. இதில் எது வந்தாலும் நரம்புக் கொத்து மொத்தமாக நசுங்குகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். 24 மணி நேரம், அதிகபட்சம் 48 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்தால்தான் சிறுநீர் கட்டுப்பாடு திரும்ப நல்ல வாய்ப்பு. 108-ஐக் கூப்பிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி எந்நேரமும் எமர்ஜென்சி இயங்கும் பெரிய இடத்துக்கு நேராகப் போங்கள். திங்கட்கிழமை ஓ.பி.யில் காட்டிக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை ராத்திரி படுத்துவிடாதீர்கள். வெட்கத்தில் பெண்கள் இதை வீட்டில்கூடச் சொல்வதில்லை, "அந்த இடத்துல மரத்த மாதிரி இருக்கா?" என்று கூட இருப்பவர்கள்தான் கேட்க வேண்டும்.

பாதத்தை மேலே தூக்க முடியாமல் நடக்கும்போது செருப்பு நழுவுவதும் அவசரம்தான், மணிக்கணக்கில் இல்லாவிட்டாலும் நாள்கணக்கில். அப்புறம் கழுத்து. கழுத்தில் தண்டுவடமே இருப்பதால் அங்கே அழுத்தம் என்றால் வலியே இல்லாமல்கூட நடக்கும்: சட்டைப் பட்டன் போட முடியாது, சாதம் பிசையும்போது விரல் சொன்ன பேச்சு கேட்காது, நடை தள்ளாடும். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவோம். கழுத்து விஷயத்தில் ஆபரேஷனின் முதல் வேலை மேலும் மோசமாகாமல் நிறுத்துவது, போனதெல்லாம் திரும்பும் என்ற உத்தரவாதம் இல்லை, அதனால் சீக்கிரம் போவதே நல்லது.

இங்கே ஒரு வார்த்தை. எலும்பு முறிவுக்குப் புத்தூர் கட்டு போட்டுக்கொள்வது வட ஆற்காட்டில் பரம்பரைப் பழக்கம், அதைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் கை கால் மரத்துப்போகிற ஆளின் கழுத்தைப் பிடித்து முறுக்கிச் 'சுளுக்கு' எடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது, இழுத்து விடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். நரம்பு அழுத்தம் இருக்கும் இடத்தில் நிலைமை மோசமாக ஒரு வெட்டு இழுப்பு போதும்.

படி 3: அவசரம் இல்லை என்றால், ஆறு வாரம்

மேலே சொன்ன எதுவும் இல்லாமல் இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி மட்டும் என்றால், பெரும்பாலானவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் தானாகவே குறைகிறது. பிதுங்கிய ஜவ்வை உடம்பே கரைத்து இழுத்துக்கொள்ளும், பெரிதாகப் பிதுங்கியவையே அதிகம் கரைகின்றன என்பது ஆச்சரியமான உண்மை. இந்தக் காலத்தில் கட்டிலிலேயே கிடப்பது தப்பு. முதல் இரண்டு நாள் சரி, அப்புறம் வலி பொறுக்கும் அளவுக்கு வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கலர் கலராக நாலு மாத்திரை மடித்துக் கொடுப்பார்களே, அதை வாரக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், சிறுநீரகத்தில் பாதிப்பு. நரம்பு வலிக்கு எழுதும் பிரீகாபலின் வகை மாத்திரை தலை கிறுகிறுக்க வைக்கும், போட்டுவிட்டு பைக் எடுக்காதீர்கள். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரங்களுக்கு ஆறுதல் தரும், பிசியோதெரபி ஆரம்பிக்க அந்த இடைவெளி உதவும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்களுக்கு சுகர் எகிறும், அளவு பார்த்துக்கொள்ளுங்கள். பெல்ட் போட்டால் தெம்பாக இருக்கும், மாதக்கணக்கில் போட்டால் தசை சோம்பேறியாகும்.

படி 4: ஸ்கேன் எடுப்பதும் அதைப் படிப்பதும்

ஆறு வாரத்தில் குறையவில்லை, அல்லது பலம் குறைகிறது என்றால் எம்.ஆர்.ஐ. டாக்டரைப் பார்க்காமல் நாமே முந்திக்கொண்டு எடுக்க வேண்டாம். காரணம் இதுதான். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி 2015-ல் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. அதில் எந்தத் தொந்தரவும் இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு. ஆக, 'பல்ஜ்' என்ற சொல்லைப் பார்த்துத் தூக்கம் இழக்கத் தேவையில்லை, நரைமுடி அளவுக்குச் சாதாரணம்.

பார்க்க வேண்டியது பொருத்தம். இடது காலின் வெளிப்பக்கம் இறங்கி கட்டை விரலில் மரத்துப்போகிறது, கட்டை விரலை மேலே தூக்க பலம் இல்லை என்றால் எல்5 நரம்பு. ஸ்கேனிலும் எல்4-எல்5-ல் இடது பக்கம் அழுத்தம் இருந்தால் பொருந்துகிறது. சுண்டு விரல் பக்கம் மரத்து, நுனிக்காலில் நிற்க முடியவில்லை என்றால் எஸ்1. வலி வலது காலில், ஸ்கேனில் பிதுக்கம் இடது பக்கம் என்றால்? அந்தப் படத்தை நம்பி யாரும் கத்தி எடுக்கக் கூடாது. இரண்டு பாதத்திலும் சாக்ஸ் போட்ட மாதிரி எரிச்சல், மதமதப்பு என்றால் அது பெரும்பாலும் சர்க்கரை செய்த வேலை, முதுகில் ஆபரேஷன் செய்தாலும் அப்படியேதான் இருக்கும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள், அதனால்தான் இழுத்துச் சொல்கிறேன்.

எங்கே காட்டுவது? நியூரோ சர்ஜன், முதுகெலும்புக்கென்று தனிப் பயிற்சி பெற்ற ஆர்த்தோ டாக்டர் இருவருமே இதைச் செய்கிறார்கள். யார் வாரா வாரம் இதே ஆபரேஷன் செய்கிறார் என்பதைப் பாருங்கள், போர்டில் இருக்கும் பட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். சி.எம்.சி. என்றால் 2022 முதல் ராணிப்பேட்டை வளாகமும் இயங்குகிறது, விபத்துப் பிரிவு அங்கே போய்விட்டது. அப்பாயிண்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பார்க்காமல் ஐடா ஸ்கடர் ரோட்டில் போய் வரிசையில் நின்றால் பாதி நாள் போச்சு. பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் படம், சி.டி., சாப்பிடும் எல்லா மாத்திரையின் அட்டை, இவ்வளவும் ஒரே பையில் இருக்கட்டும். லேகியம், சூரணம் சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

படி 5: எந்த ஆபரேஷன், கம்பி வேண்டுமா

பெயர்கள் பயமுறுத்தும், விஷயம் எளிது. பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பது டிஸ்கெக்டமி, அதையே மைக்ரோஸ்கோப் வைத்துச் சின்ன வெட்டில் செய்தால் மைக்ரோடிஸ்கெக்டமி. முள்ளெலும்பின் பின்பக்கம் ஓடு மாதிரி இருக்கும் எலும்பை எடுத்துக் குறுகிய குழாயைத் திறப்பது லாமினெக்டமி. நரம்பு பக்கவாட்டில் வெளியே வரும் துளையை மட்டும் அகலப்படுத்துவதும் உண்டு. எண்டோஸ்கோப்பில் இன்னும் சின்ன துளை வழியே செய்கிறார்கள். விளம்பரத்தில் 'லேசர்' என்று வந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும், நீங்களும் படுங்கள். வெட்டு எத்தனை சென்டிமீட்டர் என்பது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது, நரம்பு முழுசாக விடுபட்டதா என்பதுதான் நிற்கும்.

பெரிய கேள்வி ஸ்க்ரூவும் கம்பியும், அதாவது பியூஷன். கட்டை ஒன்றின் மேல் ஒன்று நழுவி ஆடிக்கொண்டிருந்தால், அல்லது அழுத்தத்தை எடுக்க மூட்டையே நிறைய எடுக்க வேண்டியிருந்தால் கம்பி தேவைப்படும். வெறும் குழாய் குறுக்கத்துக்கு எல்லோருக்கும் கம்பி என்பது இப்போது கேள்விக்குள்ளாகிவிட்டது. 2016-ல் ஸ்வீடனில் வந்த ஆய்வில், அழுத்தத்தை மட்டும் எடுத்தவர்களைவிடக் கம்பியும் சேர்த்து வைத்தவர்கள் கூடுதல் பலன் அடையவில்லை. கட்டை நழுவியவர்களிடமே 2021-ல் நார்வேயில் செய்த ஆய்விலும் கம்பி இல்லாமல் செய்தது சளைக்கவில்லை. கம்பி வைத்தால் செலவு, நேரம், ரத்தப்போக்கு மூன்றும் கூடும். அதனால் கம்பி என்று சொன்னால் சண்டை போட வேண்டாம், இப்படிக் கேளுங்கள்: "சார், குனிஞ்சும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேல கட்டை ஆடுதா? கம்பி இல்லாம வெறும் பிரஷரை மட்டும் எடுத்தா என்ன ஆகும்?" நல்ல டாக்டர் படத்தைக் காட்டிப் பதில் சொல்வார். எரிந்து விழுந்தால் இன்னொரு டாக்டரிடம் காட்டுங்கள், இரண்டாவது கருத்து கேட்பது அவமரியாதை இல்லை.

இன்னொன்றையும் முன்கூட்டியே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஆபரேஷன் காலுக்கானது. காலில் இறங்கும் வலி, நடக்க முடியாத தன்மை, இவை நன்றாகக் குறையும். இடுப்பில் மட்டும் வலி, காலுக்குப் போகவே இல்லை என்றால் இதனால் பலன் குறைவு. "இடுப்பு வலி போகணும்" என்று போய் "கால் வலி மட்டும் போச்சு, இடுப்பு அப்படியே இருக்கு" என்று சொல்கிறவர்களுக்கு உண்மையில் ஆபரேஷன் பலன் தந்திருக்கிறது.

ஆபத்துகளும் உண்டு. நூற்றில் சிலருக்கு நரம்பைச் சுற்றியுள்ள உறை கிழிந்து நீர் கசியும், பெரும்பாலும் அங்கேயே தைத்துச் சில நாள் படுக்க வைப்பார்கள். காயத்தில் சீழ், ரத்தக்கட்டு, அரிதாக நரம்புக்கே காயம். ஜவ்வில் பிதுங்கிய துண்டை மட்டும்தான் எடுக்கிறார்கள், மீதி அங்கேயே இருக்கிறது, அதனால் நூறில் ஐந்திலிருந்து பதினைந்து பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம்.

படி 6: பணம்

வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை. கார்டு இல்லை என்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும், குடும்பத்தோடு. வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்ததால் ஆற்காட்டுக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும். எல்லாத் தனியார் மருத்துவமனையும் திட்டத்தில் இல்லை, இருக்கும் இடத்திலும் எல்லா ஆபரேஷனும் பட்டியலில் இருக்காது, முன் அனுமதி வாங்கிய பிறகே தேதி. இலவச எண் 1800 425 3993. கம்பெனி இன்சூரன்ஸ் என்றால் கம்பி, ஸ்க்ரூ செலவுக்கு வரம்பு இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், பில் எகிறுவது அங்கேதான்.

படி 7: தேதி கிடைத்த பிறகு

சர்க்கரை மூன்று மாத சராசரி அதிகமாக இருந்தால் பல டாக்டர்கள் தேதியைத் தள்ளிவிடுவார்கள், கோபப்படாதீர்கள், சீழ் பிடிப்பதைத் தடுக்கத்தான். டாபாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் மாதிரி ரத்தம் நீர்க்கும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது, இதய டாக்டர் சொல்ல வேண்டும். பீடி, சிகரெட், ஹான்ஸ் எல்லாவற்றையும் குறைந்தது நாலு வாரம் முன்பே விடுங்கள், கம்பி வைக்கிறவர்களுக்கு எலும்பு ஒட்டாமல் போக முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

வீட்டையும் தயார் செய்யுங்கள். பாயில் படுப்பதை விட்டுக் கட்டிலுக்கு மாறுங்கள். குந்தி உட்காரும் கழிவறை என்றால் நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கமோடு நாற்காலி ஒன்று போதும். அடிக்கடி எடுக்கும் சாமான்களைக் குனியாமல் எட்டும் உயரத்துக்கு ஏற்றுங்கள். ஊரிலிருந்து வந்து லாட்ஜில் தங்குகிறீர்கள் என்றால் லிஃப்ட் இருக்கிறதா, தரைத்தள அறையா, வெஸ்டர்ன் டாய்லெட்டா என்று பார்த்து எடுங்கள், மூணாவது மாடி மலிவாகக் கிடைக்கும், ஆனால் திரும்பி வரும்போது ஏற வேண்டியது நோயாளிதான். கூட இருக்க ஒரு ஆள் போதும், ஊரே வந்து நிற்க வேண்டாம்.

படி 8: ஆபரேஷன் அன்று

முந்தின ராத்திரி சொன்ன நேரத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது, ஒரு வாய் காபிகூட. பெரும்பாலும் முழு மயக்கம். மயங்கிய பிறகு குப்புறப் படுக்க வைத்து, வயிறு அழுந்தாத மாதிரி தாங்கு வைப்பார்கள், அதனால் ரத்தப்போக்கு குறையும். எக்ஸ்ரே மிஷினை வைத்து எந்தக் கட்டை என்று உறுதி செய்த பிறகே வெட்டு. தசையை ஒதுக்கி, எலும்பில் சின்ன ஜன்னல் திறந்து, மஞ்சள் தசைநாரை நீக்கி, நரம்பை மெதுவாக ஒதுக்கிவிட்டு, அதை அழுத்தும் பொருளை எடுப்பார்கள். ஒரு இடம் என்றால் ஒன்று, இரண்டு மணி நேரம். வெளியே நிற்பவர்களுக்கு நேரம் அதைவிட நீளமாகத் தெரியும், ஏனென்றால் மயக்கம் கொடுப்பதும் தெளிவிப்பதும் அந்தக் கணக்கில் இல்லை. கழுத்தில் முன்பக்கம் வழியாகச் செய்தால் சில நாள் விழுங்கச் சிரமமாகவும் குரல் கரகரப்பாகவும் இருக்கும்.

கண் விழித்ததும் நர்ஸ் "காலை ஆட்டுங்க, கட்டை விரலைத் தூக்குங்க" என்று மணிக்கொரு தரம் படுத்துவார், ஒத்துழையுங்கள். இருந்த பலம் திடீரென்று குறைந்தால் ரத்தக்கட்டு அழுத்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அன்று சாயங்காலமோ மறுநாள் காலையோ நடக்க வைப்பார்கள். எழும்போது நேராக உட்கார முயலாதீர்கள்: முதலில் தோளும் இடுப்பும் சேர்ந்து ஒரு பக்கமாகத் திரும்பி, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இதை முந்தின நாளே வீட்டில் பழகிக்கொண்டு போனால் அன்றைக்குப் பாதி வலி மிச்சம்.

படி 9: வீட்டில் முதல் ஆறு வாரம்

சாதாரண டிஸ்க் ஆபரேஷன் என்றால் ஓரிரு நாளில் வீடு, லாமினெக்டமி, கம்பி என்றால் இன்னும் சில நாள். திரும்பும்போது டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டும் ஷேர் ஆட்டோவும் கூடாது, காரின் முன்சீட்டைச் சாய்த்துக்கொண்டு, தூரம் என்றால் நடுவில் இறங்கி நாலு அடி நடந்து வர வேண்டும்.

நடை ஒன்றுதான் மருந்து. வீட்டுக்குள் பத்து நிமிடம், நாளைக்குப் பல தடவை, அப்புறம் தெரு முனை வரை. அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலுக்கு விடியற்காலையும் இருட்டிய பிறகும்தான் நேரம். ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் உட்காராதீர்கள். தரையில் சம்மணம், குந்துவது, குனிந்து கோலம் போடுவது, முறுக்கித் திரும்புவது வேண்டாம். தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரக்குழந்தை மூன்றையும் தூக்கவே கூடாது. பேரக்குழந்தை விஷயத்தில்தான் யாரும் சொன்னபடி கேட்பதில்லை. இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் எதுவும் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வலி மாத்திரை மலச்சிக்கல் தரும், முக்கினால் முதுகில் வலிக்கும். கீரை, பப்பாளி, தண்ணீர், தேவைப்பட்டால் டாக்டர் தரும் சிரப். காயம் ஆறும்வரை நனையக் கூடாது, எண்ணெய்க் குளியலும் மஞ்சள் பற்றும் தையல் பிரித்து காயம் மூடிய பிறகு. தையல் என்றால் பத்திலிருந்து பதினாலு நாளில் பிரிப்பார்கள்.

இவற்றில் எது வந்தாலும் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போன்: காய்ச்சலோடு காயம் சிவந்து ஒழுகுவது, காயத்திலிருந்து தெளிந்த நீர், உட்கார்ந்தால் தலை பிளக்கும் வலி படுத்தால் குறைவது, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத் திணறல், புதிதாகப் பலவீனம், சிறுநீர் நிற்பது.

படி 10: அதற்கப்புறம்

கால் வலி பலருக்குக் கண் விழித்ததுமே போய்விடுகிறது. மரத்துப்போனது மெதுவாகத்தான், மாதக்கணக்கில் திரும்பும், பலம் ஒரு வருடம் வரை மேம்பட்டுக்கொண்டே இருக்கலாம். நெடுநாள் நசுங்கிய நரம்பில் கொஞ்சம் மதமதப்பு நிரந்தரமாகவும் தங்கிவிடும். நடுவில் சில வாரங்கள் பழைய வலி எட்டிப் பார்க்கும், நரம்பு வீங்கி ஆறும்போது இது சகஜம்.

ஆறு வாரத்துக்குப் பிறகு பிசியோதெரபி முதுகுத் தசையை உறுதிப்படுத்தும், இதைப் பாதியில் விட்டவர்கள்தான் அதிகம். பலம் திரும்பாமல் நடை தடுமாறுகிறவர்களுக்கும், தண்டுவடம் பாதித்தவர்களுக்கும் பாகாயத்தில் 1966-ல் தொடங்கிய சி.எம்.சி. மறுவாழ்வு மையம் இருக்கிறது. 1954 விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே டாக்டராக வேலை செய்த மேரி வர்கீஸ் உருவாக்கியது அது. வேலூரில் பிறந்து வளர்ந்தும் அந்த இடம் எதற்கு என்று தெரியாதவர்கள் எத்தனையோ பேர்.

வேலைக்கு எப்போது? உட்கார்ந்து செய்யும் ஆபீஸ் வேலைக்கு மூன்று நாலு வாரம், நடுநடுவே எழுந்து நடக்கிற மாதிரி. குடியாத்தத்துத் தறிக் குழியில் உட்காருகிறவர்கள், நாளெல்லாம் தரையில் குனிந்து பீடி சுற்றுகிறவர்கள், ஆம்பூர் ஷூ கம்பெனியில் மிஷின் முன்னால் இருப்பவர்கள் இதை ஆபீஸ் வேலை என்று கணக்குப் போட்டுக்கொள்ளக் கூடாது, எட்டு வாரமாவது தள்ளுங்கள், திரும்பும்போது முதலில் அரை நாள். நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவருக்குக் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் வேறு வேலை. டூ வீலர் ஆறு வாரத்துக்குப் பிறகு டாக்டர் சரி என்றால். திருவண்ணாமலை கிரிவலம் நேர்ந்துகொண்டவர்கள் 14 கிலோமீட்டரையும் உடனே நடக்க வேண்டாம், மூன்று மாதம் போகட்டும், அருணாசலேஸ்வரர் கோபித்துக்கொள்ள மாட்டார். கம்பி வைத்தவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் இன்னும் நீளும்.

நன்றாக இருந்து, மாதங்கள் கழித்து அதே காலில் அதே வலி வந்தால், மறுபடி பிதுங்கியிருக்கலாம், அல்லது உள்ளே தழும்பு நரம்பைப் பிடித்திருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கையில் ஊசி வழியே மருந்து செலுத்தி எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் தழும்பா டிஸ்க்கா என்று பிரித்துப் பார்க்க முடியும், சாதாரண ஸ்கேன் எடுத்துவிட்டு அப்புறம் அதையும் எடுத்து இரண்டு செலவு செய்யாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, பழைய சி.டி. மூன்றும் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், அன்றைக்கு டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.